ஒரே டாங்கியில் இரண்டு சகலைகள்

மார்ச் 3

சகலை அண்ணாவுக்கு,

கவரின் மேல் லிஃப்ட் கம்பெனி முத்திரையைப் பார்த்துவிட்டு, ஏதோ விளம்பரம் என்று மேசை ஓரத்தில் தள்ளிவிடாதீர்கள். நான்தான் எழுதுகிறேன். போனில் பேசுவதில்லை, மெசேஜ் அனுப்புவதில்லை, கம்ப்யூட்டர் ஆட்டத்துக்குள் எதிர்ப்பட்டாலும் வாய் திறப்பதில்லை என்று நாம் இரண்டு பேரும் அவரவர் வீட்டில் சத்தியம் செய்து ஏழு மாதம் ஆகிறது. நான் அதை இன்றுவரை மீறவில்லை. ஆனால் கடிதத்தைப் பற்றி அக்கா தங்கை இரண்டு பேருமே எதுவும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் எவன் பேனா பிடிக்கப் போகிறான் என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் உங்கள் டிரைவிங் ஸ்கூல் விலாசத்துக்கு எழுதுகிறேன். பதிலை என் ஆபீஸ் விலாசத்துக்கே போடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். தேதி சொல்லிவிட்டார்கள். மே பதினாறு, காலை பத்து மணி. நாம் ஆறு வருஷமாகத் தேய்த்த ஆட்டத்தின் அடுத்த பதிப்பு. அறுபது கிலோமீட்டர் போர்க்களம் அண்ணா. ஒரு மரத்தை இடித்துத் தள்ளினால் அது கடைசிவரை விழுந்தே கிடக்குமாம். மழை பெய்தால் வயல் சேறாகி டாங்கியின் சங்கிலி புதையும். தூரத்தில் பீரங்கி வெடித்தால் முதலில் வெளிச்சம், எண்ணி ஆறு விநாடி கழித்துத்தான் சத்தம். அந்த ஆறு விநாடிக்காகவே நான் பல் கூட விளக்காமல் மூன்று தடவை வீடியோவைப் பார்த்தேன்.

இப்போது கெட்ட செய்தி. கம்ப்யூட்டருக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியலும் வந்திருக்கிறது. எட்டு கோர் பிராசஸர். முப்பத்திரண்டு ஜிபி மெமரி. பன்னிரண்டு ஜிபி கிராபிக்ஸ் கார்டு. பழைய ஹார்ட் டிஸ்க் ஆகவே ஆகாது, எஸ்எஸ்டி மட்டும்தான். அதுவும் இது குறைந்தபட்சம்தானாம். எட்டுப் பேர் என்று எழுதிய லிஃப்டில் பத்துப் பேர் ஏறினாலும் அது முனகிக்கொண்டே மேலே போய்ச் சேரும், அது என் பிழைப்பு, எனக்குத் தெரியும். இவர்கள் அப்படியில்லை. ஒன்று குறைந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்கிறார்கள்.

என்னிடம் போர்டு, பிராசஸர், மெமரி எல்லாம் போன வருஷம் நாம் பேசி வைத்து வாங்கியவை. கார்டு மட்டும் அந்தப் பழையது. உங்கள் நிலவரம் என்ன? உடனே எழுதுங்கள்.

உங்கள் சகலை

மார்ச் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பாடம் நடக்கும்போது காருக்குள் உட்கார்ந்து படித்தேன். ஸ்டியரிங்கில் ஒரு வங்கி அம்மா இருந்தார். நான் ஆறு விநாடி என்ற இடத்துக்கு வந்தபோது அவர் மூன்று கூம்புகளை வரிசையாகச் சாய்த்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தான் நன்றாக ஓட்டத் தேறிவிட்டோம் என்று அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

என் நிலவரம் கேட்டாய். கார்டு புதிது. பன்னிரண்டு ஜிபிதான். உன்னோடு பேசி வைத்து வாங்கியதுதான். மற்றதெல்லாம் கிழடு. மெமரி எட்டு ஜிபி. ஹார்ட் டிஸ்க் போடும் சத்தத்தில் பக்கத்து அறையில் டிவி கேட்காது. பொக்கை வாயில் ஒற்றைத் தங்கப்பல் மாட்டின மாதிரி இருக்கிறது அந்தக் கார்டு.

மறந்து கிடந்தவனை ஏன் கிளப்பிவிட்டாய்? நான் இப்போது ஆடுவதே இல்லை. தனியாக ஆட என்ன இருக்கிறது. வலது பக்கம் உன் டாங்கி இல்லாமல் எந்தச் சந்தில் நுழைந்தாலும் முதுகு கூசுகிறது.

வீட்டைப் பற்றிக் கேட்காதே. உன் அண்ணி இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறாள். கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்திறங்கிய அவள் அம்மா, நம் அத்தை, பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்ததை அவள் மறக்கவில்லை. மருந்து விட்ட கண்ணால் போனில் எண் தெரியாமல், கடைசியில் டிக்கெட் கவுண்டர் பெண் கூப்பிட்டுச் சொல்லும்படி ஆனதை மறக்கவில்லை. நீ அழைத்து வருவதாக இருந்தது என்று நான் சொன்னேன். நான் அழைத்து வருவதாக இருந்தது என்று நீ உன் வீட்டில் சொன்னாய். அவள் என் பக்கம் நின்றாள், அவள் தங்கை உன் பக்கம் நின்றாள், பேச்சு தடித்துவிட்டது. போன வாரம் அவள் தங்கையின் எண்ணைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் திருப்பி வைத்துவிட்டாள்.

வேறு ஏதாவது செய்தி வந்தால் எழுது. சேற்றைப் பற்றி விவரமாக எழுது.

அண்ணன்

மார்ச் 17

அண்ணா,

சேறு பிறகு. அதைவிடப் பெரிய செய்தி. இந்தத் தடவை ஒரு டாங்கியை இரண்டு பேர் ஓட்டலாம். ஒருவர் ஓட்டுநர், ஒருவர் பீரங்கி. அதுவும் எப்படி? ஒரே கம்ப்யூட்டரில், இரண்டு திரை போட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து. நான் நாற்காலியை விட்டு எழுந்து வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று நடந்தேன். ஊரின் இரண்டு முனையில் உட்கார்ந்து மைக்கில் கத்திக்கொண்டிருந்தோம், இனி முழங்கையால் இடித்தே சொல்லலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் கம்ப்யூட்டரில் இது ஓடாது. என்னுடையதிலும் ஓடாது. ஆனால் உங்கள் கார்டை எடுத்து என் போர்டில் செருகினால் பட்டியலில் இருப்பது அத்தனையும் சரி. பவர் சப்ளை கூடத் தாங்கும், லோடு பார்த்துவிட்டேன். நம் இரண்டு பேரிடமும் சேர்த்து முழுசாக ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது.

அது ஒரு வீட்டில்தான் இருக்க முடியும். அந்த வீட்டுக்கு இன்னொருவர் வரவேண்டும். அதற்கு அக்காவும் தங்கையும் பேசவேண்டும். அதற்கு நாம் உண்மையைச் சொல்லவேண்டும். நான் இத்தனை நாள் எழுதாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். அன்று அத்தையை நீங்கள் அழைத்து வருவதாகவும் பேச்சில்லை, நான் அழைத்து வருவதாகவும் பேச்சில்லை. ஆட்டத்தில் யாருடைய டாங்கி முதலில் வெடிக்கிறதோ அவர் எழுந்து போய் அழைத்து வருவது என்றுதான் பேச்சு. வழக்கமாக நீங்கள் இருபது நிமிஷத்தில் செத்துவிடுவீர்கள், நான் அரை மணியில் செத்துவிடுவேன். அன்றைக்கென்று இரண்டு பேரும் சாகவே இல்லை. வாழ்நாளில் அப்படி ஆடியதில்லை. இதை வீட்டில் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, உங்களுக்கும் வரவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பாதியைச் சொல்லித் தப்பித்துக்கொண்டோம். அக்கா தங்கை உறவு போய்விட்டது.

சொல்லிவிடலாம் அண்ணா. ஒரே நாளில், இரண்டு வீட்டிலும்.

சகலை

ஏப்ரல் 2

தம்பி,

முடியாது.

உன் தலை உருளவேண்டுமென்று உனக்கு ஆசையிருந்தால் உருளட்டும். என் வீட்டில் நிலைமை வேறு. எட்டு மாதமாக உன் அண்ணி எனக்காகத் தங்கையோடு பேசாமல் இருக்கிறாள். சொந்தக்காரர்கள் நாலு பேர் நடுவில், என் வீட்டுக்காரர் சொன்ன சொல் தவறமாட்டார் என்று சொல்லியிருக்கிறாள். அவளிடம் போய், ஒரு பொம்மை டாங்கி வெடிக்கவில்லை, அதனால் உன் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் என்று எந்த வாயால் சொல்வது? நான் தினமும் புதுசு புதுசாக ஆட்களை ரோட்டில் இறக்கிவிடுகிறவன். எனக்குப் பயமே கிடையாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, போதுமா.

அதற்குப் பதிலாக இதைச் செய்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு அட்டைப்பெட்டி வரும். என்னிடம் கார் கற்றுக்கொள்ளும் நர்ஸ் ஒருத்தி, நீ லிஃப்ட் பார்க்கும் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். அவள் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உள்ளே கார்டு இருக்கிறது. என் இரண்டு பழைய பனியனில் சுற்றியிருக்கிறேன், துவைத்ததுதான். செருகு. பதினாறாம் தேதி நீ ஆடு. ஒவ்வொரு சண்டையும் முடிந்ததும் எனக்கு எழுது. எங்கே சேறு, எங்கே மேடு, எவன் எந்தப் பக்கம் வந்தான், எல்லாம் எழுது. நான் காருக்குள் உட்கார்ந்து படித்துக்கொள்கிறேன்.

ஒருவனாவது ஆடவேண்டும். நன்றி கின்றி என்று எழுதிவிடாதே, கோபம் வரும்.

அண்ணன்

ஏப்ரல் 14

அண்ணா,

பெட்டி வந்தது. பனியனைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்ச நேரம் அதை மடியிலேயே வைத்திருந்தேன். இதை நன்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். கார்டு என் பெட்டிக்குள் நுழையவில்லை. இரண்டு விரற்கடை நீளம் அதிகம். ஹார்ட் டிஸ்க் மாட்டும் தகரச் சட்டத்தை அறுத்து எடுத்தேன், ஓரத்தை அரம் போட்டுத் தேய்த்தேன். லிஃப்ட் மெக்கானிக்குக்கு இதெல்லாம் ஒரு வேலையா. செருகினேன், திருகினேன், சுவிட்சைப் போட்டேன். மூன்று விசிறியும் ஒரே மூச்சில் சுற்றின. அவர்கள் சோதனைக்கென்று கொடுத்திருக்கும் சின்னப் போர்க்களத்தை ஓட்டினேன். மழையில் நனைந்த இரும்பு பளபளக்கிறது அண்ணா. டாங்கியின் மூடியில் தண்ணீர் தேங்கி, டாங்கி திரும்பும்போது வழிகிறது. ஒரு இடத்தில்கூடத் தடங்கவில்லை. நான் கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது, உங்கள் மச்சினி வந்து நின்றாள்.

கார்டு ஏது என்று கேட்டாள். பனியன் வேறு தரையில் கிடந்தது. பொய் சொல்ல ஆரம்பித்தேன், வாயைத் திறந்ததும் உண்மைதான் வந்தது. கடிதம், பேச்சு, யார் முதலில் சாகிறார்களோ அவர், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் உடனே திட்டவில்லை, திட்டெல்லாம் ராத்திரிதான் வந்தது. திரையைக் காட்டினாள்.

"அன்னைக்கு ஜெயிச்சீங்களா?" என்று கேட்டாள்.

ஜெயித்தோம் என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். அக்காவை என்னவெல்லாம் சொன்னேன், குழந்தையிலிருந்து சொல்லாத வார்த்தையெல்லாம் சொன்னேன் என்றாள். உடனே போன் பண்ணு என்றேன். மாட்டேன் என்றாள். நான் சொன்னால் கோள் மூட்டின மாதிரி ஆகிவிடும், அக்கா வீட்டில் அவர்தான் சொல்லவேண்டும் என்கிறாள்.

இந்த மாதம் அத்தை எங்கள் வீட்டு முறை. அவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னைக்கு உக்காந்திருந்தது பெரிசில்ல மாப்பிள்ளை. இப்ப மாசா மாசம் பையைத் தூக்கிக்கிட்டு ஒரு வீட்ல இருந்து இன்னொரு வீட்டுக்குத் தனியா ஆட்டோ புடிச்சுப் போறேனே, அதான் தாங்கல."

அனுப்புகிற மகள் வாசலோடு நின்றுவிடுவதும், அவர் போய் இறங்கும் வீட்டு மகள் வெளியே வராமல் உள்ளேயே இருந்துவிடுவதும் நமக்குப் பழகிவிட்டது. அவருக்குப் பழகவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். இரண்டு திரை வைத்திருக்கிறேன், இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். நீங்கள் வராமல் நான் அதைத் தொடப்போவதில்லை. மிரட்டுகிறேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள்.

சகலை

ஏப்ரல் 25

தம்பி,

இன்று சொல்லிவிடுவது என்று போனேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் கத்தி இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

நேற்றும் போனேன். நேற்று கத்தி இல்லை. நல்ல மூடில் இருந்தாள், அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

நீ அவசரப்பட்டு உளறிவிட்டாய். எனக்கு உன் மேல் கோபம். தண்ணீர் மூடியில் தேங்குவது நிஜமா?

அண்ணன்

மே 3

அண்ணா,

நிஜம். டாங்கி சரிவில் ஏறும்போது பின்பக்கமாக வழிகிறது.

இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. உங்கள் மச்சினி தினமும் நான் ஆபீஸிலிருந்து வந்ததும் என் கையைப் பார்க்கிறாள், கடிதம் இருக்கிறதா என்று. அத்தை இந்த முதல் தேதி உங்கள் வீட்டுக்குக் கிளம்பியபோது தெருமுனை வரை பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கேயே நின்று ஆட்டோ மறையும்வரை பார்த்துவிட்டு வந்தாள்.

வெண்டைக்காய் இல்லாத நாளாகப் பாருங்கள்.

சகலை

மே 12

தம்பி,

சொல்லிவிட்டேன். முந்தாநாள்.

ஸ்கூல் காரில் அவளை ஆபீஸுக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டும்போது முகத்தைப் பார்க்க வேண்டாமே என்று ஒரு தைரியம். பாலத்தில் ஏறும்போது ஆரம்பித்தேன், இறங்குவதற்குள் முடித்துவிட்டேன். ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் காரில் பக்கத்து இருக்கையிலும் பிரேக் உண்டு. அவள் அதை ஒரே மிதியாக மிதித்தாள். நடுரோட்டில் வண்டி நின்றது. பின்னால் இருந்தவன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான். பதினெட்டு வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறேன், இப்படி ஒரு பிரேக்கை எவனும் போட்டதில்லை.

"எனக்கு ஒரே ஒரு தங்கச்சி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கதவைத் திறந்து இறங்கி ஆபீஸுக்கு நடந்தே போய்விட்டாள்.

அதோடு இன்று மூன்றாவது நாள். சாப்பாடு போடுகிறாள், பேசவில்லை. உன் வீட்டுப் பக்கமும் போகவில்லை. போனை எடுக்கிறாள், வைக்கிறாள். எந்த முகத்தோடு பேசுவது என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. சொன்னால் சரியாகிவிடும் என்று நீ எழுதினாய். சரியாகவில்லை தம்பி. இருந்த ஒன்றும் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. அவள் என்னைத் திட்டினால் தேவலை.

பதினாறாம் தேதிக்கு நான் லீவு போட்டிருந்தேன். மார்ச்சிலேயே போட்டுவிட்டேன், உன்னிடம் சொல்லவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். எனக்காகக் காத்திருக்காதே, நீ ஆடு.

அண்ணன்

மே 16, காலை பதினொன்றே கால்

அண்ணா,

எங்கள் கம்பெனி வேன் உங்கள் பக்கம் ஒரு வேலையாகப் போகிறது. டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன் செய்திருக்கலாம், ஆனால் அந்தச் சத்தியத்தை இன்னும் யாரும் வாபஸ் வாங்கவில்லை. கேட்கலாம் என்றால் கேட்கும் நிலைமையில் அவர்கள் இல்லை. எங்கே போகிறேன் என்று அண்ணி உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் சொல்கிறேன். இங்கேதான் இருக்கிறார்.

ஒன்பதரைக்கு நான் இரண்டு திரையையும் துடைத்து, கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆடுவதற்கு இல்லை, தொடமாட்டேன் என்று எழுதியிருந்தேனே. பத்து மணிக்கு அந்தப் பொத்தான் பச்சையாவதையாவது பார்க்கலாம் என்று. காலிங் பெல் அடித்தது. உங்கள் மச்சினி கதவைத் திறந்தாள், அண்ணி நிற்கிறார். கைப்பை கூட இல்லை. நான் நாற்காலியிலிருந்து எழுந்ததுதான் தப்பாகப் போயிற்று. அண்ணி என்னைப் பார்த்துவிட்டார். நேராக என்னை நோக்கி வந்தார். நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

உங்கள் மச்சினி குறுக்கே வந்தாள். "இவரை நான் திட்டி முடிச்சாச்சுக்கா. அங்க இருக்கிறவரை நாம ரெண்டு பேரும் சேந்து திட்டலாம்" என்றாள்.

அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தார். இவளும் அழுதாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவரப் போனேன். திரும்பி வருவதற்குள் இரண்டு பேரும் அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார்கள். நம் இரண்டு நாற்காலியிலும் அவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பத்து மணி ஆயிற்று. ஆட்டம் வெளியாகிவிட்டது. உலகத்தில் எல்லோரும் அறுபது கிலோமீட்டர் போர்க்களத்துக்குள் போய்விட்டார்கள். பச்சைப் பொத்தான் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நான் தண்ணீர் டம்ளரோடு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே கொஞ்ச நேரம் அழுகை, கொஞ்ச நேரம் யாரையோ திட்டும் சத்தம், அப்புறம் சிரிப்பு. ஒன்பது மாதத்தில் யார் வீட்டில் என்ன நடந்தது, யார் இளைத்தார்கள், எந்தச் சித்தி என்ன சொன்னாள், ஒன்றுவிடாமல் வருகிறது. கதவைத் தட்ட இரண்டு தடவை கையைத் தூக்கினேன் அண்ணா. எனக்கு மனம் வரவில்லை. இத்தனை நாள் நாள்காட்டியில் கோடு போட்டுக் காத்திருந்தவன், இப்போது அந்தக் கதவு திறக்காமலே இருக்கட்டும் என்று நினைக்கிறேன்.

அத்தையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். ஆட்டோ வேண்டாம், ஸ்கூல் காரிலேயே கூட்டி வாருங்கள். வாசலில் மூன்று நாற்காலி போட்டிருக்கிறேன். அவர்கள் பேசி முடிக்க எவ்வளவு நேரமானாலும் சரி, நாம் உட்கார்ந்திருக்கலாம்.

உங்கள் சகலை